முப்பத்துநான்கு டிகிரி

பிப்ரவரி 9

அண்ணா,

ஒன்பது நாளாகக் கூப்பிடுகிறேன், நீ எடுக்கவில்லை. நேற்று அண்ணிதான் எடுத்தார். "அவர் யார்கிட்டயும் பேசற நிலைமையில இல்லம்மா. உன்கிட்ட சுத்தமா இல்ல" என்று சொல்லிவிட்டு அழுதார். அதனால் இந்தக் கடிதம். கிழிப்பதாக இருந்தாலும் ஒரு தடவை படித்துவிட்டுக் கிழி.

அண்ணி சொன்னது இவ்வளவுதான். கட்டட வேலையில் உன் கிரேனிலிருந்து இறங்கிய கம்பிக் கட்டு விசில் அண்ணன் கால்மேல் விழுந்துவிட்டது. அவர் மருத்துவமனையில் இருக்கிறார். உன்னை வேலையிலிருந்து நிறுத்திவைத்து விசாரிக்கிறார்கள். பத்தொன்பது வருஷமாக மேலே கிரேனில் நீ, கீழே நின்று கை காட்ட அவர். போன தடவை நான் ஊருக்குத் திரும்பும்போது, கிளம்பிவிட்ட பஸ்ஸை விரல் மடித்து ஒரு விசில் அடித்தே நிறுத்தினாரே, அதை நினைத்துக்கொண்டேன்.

"எல்லாம் என் தங்கச்சி லென்ஸ் பண்ணின வேலை" என்று நீ சொன்னாயாம். அதற்குத்தான் பதில் எழுதுகிறேன்.

உன் வலது கண்ணில் இருப்பது நான் வடிவமைத்த லென்ஸ்தான். மறுக்கவில்லை. புரை விழுந்த இயற்கை லென்ஸை எடுத்துவிட்டு, அது இருந்த மெல்லிய பைக்குள்ளேயே இதை வைப்பார்கள். பட்டாணியளவு வட்டம், இரண்டு பக்கமும் வளைந்த இரண்டு கைகள். அந்தக் கைகள் பையின் சுவரை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். உனக்கு சிலிண்டர் பவரும், அதாவது கோடுகளைச் சாய்த்து மங்கலாக்கும் குறையும், இருந்ததால் அதையும் சேர்த்துத் திருத்தும் லென்ஸை அனுப்பினேன். அதை எந்தத் திசையில் வைக்க வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. அதற்காகவே லென்ஸின் ஓரத்தில் புள்ளிகள் இருக்கும். திசை பத்து டிகிரி விலகினால் பலனில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். முப்பது விலகினால் வைத்ததே வீண். டாக்டர் திசையைத் தவறாக வைத்திருக்கலாம். அப்படித்தான் பெரும்பாலும் நடக்கிறது.

அறுவை சிகிச்சைக் குறிப்புகளையும் கண்ணின் புதிய படம் ஒன்றையும் அனுப்பச் சொல். பார்த்துவிட்டுப் பேசலாம். பார்க்காமலே என்மேல் பழி போடாதே.

உன் தங்கை


பிப்ரவரி 20

குட்டிக்கு,

எழுத்து ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறது என்று யோசிக்காதே. இதைவிடச் சின்னதாக எழுதினால் எனக்கே தெரிவதில்லை.

பட்டாணி, கை, பை எல்லாம் நன்றாகவே விளக்கியிருக்கிறாய். நான் கேட்காத பாடம். கேட்ட அன்று நீ என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? டிசம்பர் பதினெட்டில் ஆபரேஷன். முதல் மூன்று நாள் நானே சொன்னேன், எதிர்வீட்டுச் சன்னல் கம்பியில் துருப்பிடித்த இடம்கூடத் தெரிகிறது என்று. நாலாம் நாள் காலையில் எழுந்தால் ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் இன்னொரு கோடு சாய்ந்துகொண்டு நிற்கிறது. டாக்டரிடம் போனேன், "போகப் போகச் சரியாயிடும்" என்றார். மனசு கேட்காமல் உனக்குப் போன் செய்தேன். நீ எங்கேயோ மீட்டிங்கில் இருந்தாய். "புதுக் கண்ணுண்ணா, மூளை பழகணும். ஒரு மாசம் பொறு" என்றாய். பொறுத்தேன்.

இந்த லென்ஸை நானா கேட்டேன்? "யார் யார் கண்ணுலயோ என் லென்ஸ் இருக்கு, என் அண்ணன் கண்ணுல இல்லன்னா எனக்கு என்ன பெருமை?" என்று அனுப்பியது யார்?

நடந்ததைச் சொல்கிறேன், நீ கேட்கவில்லை என்றாலும். ஜனவரி முப்பத்தொன்று. நான் நாற்பது மீட்டர் உயரத்தில் இருக்கிறேன். வாக்கி டாக்கியில் ஒரே இரைச்சல், பாதி நாள் அது அப்படித்தான். கீழே அவன் கையைப் பார்த்துத்தான் வேலை. இறக்கச் சொல்லிக் கை காட்டினான். இறக்கினேன். சுமை இறங்கும்போது யாரும் தாண்டக் கூடாத மஞ்சள் கோட்டுக்கு உள்ளே அவன் நின்றிருந்தான். விசாரணையிலும் இதைத்தான் சொன்னேன், எழுதிக்கொண்டார்கள்.

அவனுக்கு முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். பார்க்கப் போனேன். என் தோளைத் தட்டி, "இனிமே ஒரு செருப்பு வாங்கினாப் போதும்டா" என்றான். சிரிக்கிறான். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

குறிப்புகளை உன் அண்ணி அனுப்புவாள். படம் எடுக்க இருபத்தைந்தாம் தேதி வரச் சொல்லியிருக்கிறார்கள். பார். டாக்டர் தப்பு என்றால் சந்தோஷமாக இருப்பாய்.

அண்ணன்


மார்ச் 3

அண்ணா,

குறிப்புகளும் இரண்டு படங்களும் வந்தன. ஆபரேஷன் மேஜையிலேயே எடுத்தது ஒன்று, போன வாரம் எடுத்தது ஒன்று. நாலு தடவை அளந்தேன். வேறொருவரிடம் கொடுத்தும் அளக்கச் சொன்னேன், யாருடைய கண் என்று சொல்லாமல்.

டாக்டர் சரியாகத்தான் வைத்திருக்கிறார். அன்று புள்ளிகள் இருக்க வேண்டிய கோட்டில் இருக்கின்றன. இப்போது முப்பத்துநான்கு டிகிரி திரும்பியிருக்கின்றன. லென்ஸ் தானாகத்தான் திரும்பியிருக்கிறது, அதுவும் முதல் சில நாட்களிலேயே. நீ நாலாம் நாள் சொன்னது அதைத்தான். போன கடிதத்தில் டாக்டரைப் பற்றி எழுதியதற்கு வெட்கப்படுகிறேன்.

இது ஏன் நடக்கிறது என்று சொல்கிறேன். பாடம் நடத்தவில்லை, எனக்கே சொல்லிக்கொள்கிறேன். ஆபரேஷன் முடிந்த முதல் வாரத்தில் கண்ணுக்குள் இருக்கும் பை தளர்வாக இருக்கும். பிறகுதான் சுருங்கி லென்ஸைக் கவ்வும். அதுவரை லென்ஸைப் பிடித்து நிறுத்துவது அந்த இரண்டு கைகள் மட்டும்தான். எங்கள் பழைய லென்ஸில் கைகள் தடிமனாக, மேல்பரப்பு சொரசொரப்பாக இருக்கும். புதியதில் மெல்லியதாக்கி, வழவழப்பாகத் தேய்த்தோம். அப்போதுதான் இன்னும் சின்னக் குழாய்க்குள் மடங்கி, இன்னும் சின்னக் கீறல் வழியாகக் கண்ணுக்குள் போகும். கீறல் சின்னதானால் சீக்கிரம் ஆறும். அது நல்லதற்காகச் செய்ததுதான். சாதாரணக் கண்களில் அசையாமல் நிற்கிறது. உன்னுடையது போன்ற நீளமான பெரிய கண்ணில் பையும் பெரிதாக இருக்கும். அங்கே பிடி போதவில்லை போலிருக்கிறது.

"போலிருக்கிறது" என்று எழுதிவிட்டு வெகுநேரம் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதை அடிக்காமல் விடுகிறேன்.

விசில் அண்ணன் எப்படி இருக்கிறார்? அவர் வீட்டில் என்ன சொல்கிறார்கள்?

உன் தங்கை


மார்ச் 14

குட்டி,

விசில் போய்விட்டான்.

காயம் ஆறிக்கொண்டிருக்கிறது என்றுதான் சொன்னார்கள். திடீரென்று காய்ச்சல், ரத்தத்தில் விஷம் ஏறிவிட்டது என்றார்கள். மூன்று நாள். கடைசி நாள் யாரையும் தெரியவில்லை.

தளத்தில் வேலை பார்த்த எல்லாரும் வந்திருந்தார்கள். என் பக்கத்தில் யாரும் நிற்கவில்லை. திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவனுக்கு ஒரு மகள், கல்லூரியில் படிக்கிறாள். விசாரணைக் காகிதத்தின் நகல் அவள் கைக்குப் போயிருக்கிறது. "சைகை காட்டியவர் விதியை மீறி எல்லைக்கோட்டுக்குள் நின்றதே விபத்துக்குக் காரணம்." அதைப் படித்துவிட்டு என்னிடம் வந்து, "அப்பா அப்படி நிக்கமாட்டாரே மாமா, எங்களையே ரோட்டுல கோட்டுக்கு வெளிய நிக்கச் சொல்வாரே" என்றாள்.

உன் லென்ஸ், உன் கை, உன் வழவழப்பு. இனிமேல் எழுதாதே.


மார்ச் 22

அண்ணா,

எழுதாதே என்றாய். எழுதாமல் இருந்துதான் இவ்வளவு தூரம் வந்துவிட்டது.

போன கடிதத்தில் நான் பாதியைத்தான் சொன்னேன். மீதி இது.

லென்ஸ் திரும்புமா என்று சோதிக்க எங்கள் கூடத்தில் கண்ணாடி வளையங்கள் உண்டு. கண்ணுக்குள் இருக்கும் பைக்குப் பதிலாக அந்த வளையம். லென்ஸை உள்ளே வைத்து, தண்ணீரில் அமிழ்த்தி ஆட்டுவோம். விதிப்படி வளையத்தின் அகலம் பத்து மில்லிமீட்டர். அதில் என் லென்ஸ் அசையவில்லை. பதினொன்றிலும் போட்டுப் பார்த்தேன், யாரும் சொல்லாமல், நானாக. இரண்டு தடவை போட்டேன். இரண்டு தடவையும் திரும்பியது. என் குறிப்பேட்டில் "சோதனை வரம்புக்கு வெளியே" என்று எழுதி, பக்கத்தைத் திருப்பிவிட்டேன். அறிக்கையில் அது இல்லை. அப்போது இன்னும் ஆறு மாதம் வேலையைத் தள்ளிப்போட எனக்கு மனம் வரவில்லை. அந்த லென்ஸை என்னுடையது என்று எல்லாரும் சொல்ல ஆரம்பித்திருந்தார்கள்.

இதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது. ஆபரேஷனுக்கு முன் உன் கண்ணின் அளவுகளை அண்ணி எனக்கு அனுப்பினார். கண்ணின் நீளம் இருபத்தாறு புள்ளி எட்டு. சராசரிக் கண்ணைவிட மூன்று மில்லிமீட்டருக்கு மேல் அதிகம். நமக்கு அப்பாவின் கண். அவர் கண்ணாடி எவ்வளவு தடிமன் என்று உனக்குத் தெரியும். அந்த எண்ணைப் பார்த்ததும் பதினோரு மில்லிமீட்டர் வளையம் என் ஞாபகத்துக்கு வந்தது. வந்தது அண்ணா. ஒரு நிமிடம் இருக்கும். பிறகு பெட்டியில் லென்ஸை வைத்து, உன் முகவரியை எழுதி அனுப்பிவிட்டேன்.

போன திங்கட்கிழமை மேலாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நல்ல மனிதர்தான். "ஒரு கேஸ்மா. ஒண்ணே ஒண்ணு. அதுவும் உங்க சொந்த அண்ணன். வெளிய சொன்னா குடும்பத்துக்காகச் சொல்றீங்கன்னுதான் நினைப்பாங்க" என்றார். "இன்னொருத்தர் அண்ணனுக்கு ஆகற வரைக்கும் காத்திருக்கணுமா சார்?" என்று கேட்டேன். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

இத்துடன் ஒரு காகிதம் இருக்கிறது. உன் கண்ணில் இருப்பது எந்த லென்ஸ், அது எப்படி, எவ்வளவு திரும்பியது, நான் எதைத் தெரிந்துகொண்டே மறைத்தேன் என்று முழுவதும் எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறேன். விசாரணையில் கொடு. பார்வை தவறியதற்கு நீ காரணமில்லை என்று அதில் தெளிவாக இருக்கிறது. என் வேலை போகும். போகட்டும். நீ இந்தப் பழியிலிருந்து வெளியே வந்துவிடுவாய்.

உன் தங்கை


ஏப்ரல் 6

குட்டிக்கு,

உன் காகிதம் பத்து நாளாக என் சட்டைப் பையில் இருக்கிறது. விசாரணை அலுவலகத்தின் வாசல்வரை இரண்டு தடவை போனேன். கொடுக்கவில்லை.

ஏன் என்று சொல்கிறேன். உன்னிடம் மட்டும்தான் சொல்ல முடியும். நீதான் முதலில் உண்மையைச் சொல்லியிருக்கிறாய்.

கிரேனில் மறுபடி ஏறுவதற்கு முன்னால் கண் பரிசோதனை உண்டு. ஜனவரி பதினெட்டு. சுவரில் எழுத்து அட்டை. எனக்கு முன்னால் நாலு பேர். ஒவ்வொருவனும் சத்தமாகப் படிக்கிறான். கடைசி மூன்று வரியையும் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டேன். என் முறை வந்தபோது அட்டையில் ஈ மொய்த்த மாதிரி இருந்தது. கடகடவென்று ஒப்பித்தேன். "இளவட்டக் கண்ணு" என்று சொல்லி முத்திரை குத்தினார்கள்.

இடது கண்ணில் புரை, வலது கண்ணில் ஒன்றுக்கு இரண்டு. இதை வைத்துக்கொண்டுதான் ஏறினேன். இறக்கிவிட்டால் கீழே எனக்கு என்ன வேலை தெரியும் சொல்? பதினோரு நாள் ஓட்டினேன். ஒவ்வொரு நாளும் இன்றைக்குச் சரியாகிவிடும், நாளைக்குச் சரியாகிவிடும் என்று. உன் லென்ஸ் திரும்பியது உன் தப்பு. திரும்பியது தெரிந்தும் ஏறியது யார் தப்பு? உன் காகிதத்தில் அதற்கு இடமில்லை.

இன்னொன்று. அவன் இறக்கச் சொல்லிக் கை காட்டினான் என்று விசாரணையில் சொன்னேன் அல்லவா? எனக்குத் தெரியாது. ஒரு கைக்கு இரண்டு கை தெரிந்தது. ஒன்று கீழே போகிற மாதிரி, ஒன்று நிற்கிற மாதிரி. எது அவன் கை என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்றுதான். அவன் மனைவி உட்காரச் சொன்னாள். "கண்ணு..." என்று ஆரம்பித்தேன். அவள் சொல்கிறாள்:

"அவருக்குத் தெரியும்ணே."

"என்ன தெரியும்?"

"உங்களுக்குச் சரியாத் தெரியலன்னு. ரெண்டாம் நாளே வந்து சொன்னாரு. 'மேல இருக்கறவன் தடவறான். வெளிய சொன்னா இறக்கிடுவாங்க, அவன் உடைஞ்சு போயிடுவான். நான் கொஞ்சம் உள்ள தள்ளி, பளிச்சுனு தெரியற இடமா நின்னுக்கறேன், பழகற வரைக்கும்'னாரு. நான் வேணாம்னுதான் சொன்னேன். கேக்கல."

அதனால்தான் அவன் கோட்டுக்குள் நின்றான், குட்டி. எனக்குத் தெரியட்டும் என்று.

அவள் அழவில்லை. என்னை ஒன்றே ஒன்று கேட்டாள். "கடைசியா அவரு கையை எப்படிக் காட்டினாரு? நிறுத்தச் சொன்னாரா? அதை மட்டும் சொல்லுங்க." நான் எழுந்து வந்துவிட்டேன். படியிறங்கும்போது காலை எங்கே வைக்கிறேன் என்று தெரியவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.

அண்ணன்


ஏப்ரல் 19

அண்ணா,

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நீயும் மறைத்தாய், நானும் மறைத்தேன் என்று இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் கொஞ்சம் ஆறுதல் வருகிறது. அந்த ஆறுதல் நமக்கு வேண்டாம். செத்தவர் எதையும் மறைக்கவில்லை.

இங்கே நடந்ததைச் சொல்கிறேன். மேலாளர் மாட்டேன் என்றதால் அதற்கு மேலே எழுதினேன். வெளியே இருந்து மூன்று பேர் வந்தார்கள். அவர்கள் முன்னால் பதினோரு மில்லிமீட்டர் வளையத்தில் பத்து லென்ஸ்களைப் போட்டேன். ஏழு திரும்பின. தண்ணீர் ஆடும் சத்தம் மட்டும் கேட்டது. பெரிய கண்களுக்கு இந்த லென்ஸை வைக்கக் கூடாது என்று எல்லா மருத்துவமனைகளுக்கும் அறிவிப்பு போகிறது. ஏற்கெனவே வைத்துக்கொண்டவர்கள் நாலாயிரம் பேர். அவர்களில் பெரிய கண் உள்ளவர்களைத் தேடிக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். யார் லாரி ஓட்டுகிறார்களோ, யார் கம்பத்தில் ஏறுகிறார்களோ. அந்தப் பட்டியலைத் தயாரித்துக் கொடுத்துவிட்டு என் மேஜையைக் காலி செய்தேன். என்னை வழியனுப்ப யாரும் எழுந்து வரவில்லை. எனக்கும் அதை எதிர்பார்க்க உரிமையில்லை.

உன் கண்ணைப் பற்றி உன் டாக்டரிடம் பேசினேன். முதல் இரண்டு வாரத்தில் லென்ஸைத் திருப்பி வைத்திருந்தால் பத்து நிமிட வேலை. நீ நாலாம் நாளே என்னைக் கூப்பிட்டாய். நான் பொறு என்றேன். இப்போது நாலு மாதம் ஆகிவிட்டது. பை சுருங்கிக் கைகளைச் சுற்றி இறுகிவிட்டது. திருப்பினால் பை கிழியலாம். கிழிந்தால் இந்த லென்ஸை எடுத்துவிட்டு, வேறொன்றை வேறு மாதிரி பொருத்த வேண்டும். பார்வை திரும்பும் என்று அவர் உறுதியாகச் சொல்லவில்லை. போய்விடும் என்றும் சொல்லவில்லை. நீதான் முடிவு செய்ய வேண்டும். நான் இனி உன் கண்ணைப் பற்றி எந்த யோசனையும் சொல்லமாட்டேன்.

விசில் அண்ணன் மனைவி கேட்டாரே, அதற்கு நீ பதில் சொன்னாயா?

உன் தங்கை


மே 4

குட்டிக்கு,

சொல்லிவிட்டேன்.

விசாரணையை மறுபடி திறக்கச் சொல்லி நானே எழுதிக் கொடுத்தேன். போன வியாழக்கிழமை நடந்தது. அவன் மனைவியையும் மகளையும் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தார்கள். உன் காகிதத்தையும் கொடுத்தேன், நான் எழுதியதையும் கொடுத்தேன். இரண்டையும் சேர்த்துத்தான் வாங்க வேண்டும், ஒன்றை மட்டும் எடுக்கக் கூடாது என்றேன்.

அதிகாரி கேட்டார், "அவர் இறக்கச் சொல்லிக் கை காட்டினார்னு அன்னிக்குச் சொன்னீங்களே?"

"பொய் சொன்னேன் சார்."

"அப்ப என்னதான் காட்டினார்?"

"தெரியல சார். எனக்குக் கண்ணு தெரியல. அவர் எப்படிக் காட்டியிருந்தாலும் சரியாத்தான் காட்டியிருப்பாரு. பத்தொன்பது வருஷத்துல ஒரு தடவைகூட அவர் கை தப்பினதில்ல."

அவர் எழுதிக்கொண்டார். ஏன் கோட்டுக்குள் நின்றான் என்பதையும் சொன்னேன். அதையும் எழுதினார். எழுதி முடித்து வாசித்துக் காட்டும்போது அவன் மகள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவன் மனைவி அசையவே இல்லை. அவன் கடைசியாகக் கையை எப்படிக் காட்டினான் என்பதுதான் அவள் கேட்ட ஒரே கேள்வி. அதற்கு என்னிடம் பதில் இல்லை என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. அவன் கையை நான் பார்த்திருக்கிறேன், சொல்லத்தான் எனக்கு மனமில்லை என்று இத்தனை நாள் நினைத்திருந்தாளாம். வெளியே போகும்போது என் பக்கம் திரும்பவில்லை. மகள் மட்டும் வாசலில் நின்று, "அப்பா மேல தப்பில்லன்னு எழுதிட்டாங்கல்ல?" என்று கேட்டாள். எழுதிவிட்டார்கள் என்றேன்.

என் உரிமத்தை ரத்து செய்துவிட்டார்கள். போலீஸ் வழக்கும் வருமாம். உன் அண்ணி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நேற்றுதான் "சாப்பிடுங்க" என்றாள்.

கண்ணைப் பற்றி நீ முடிவு சொல்லமாட்டேன் என்றாய், சரி. நான் சொல்கிறேன். இருபத்திரண்டாம் தேதி செய்துகொள்ளப் போகிறேன். கிழிந்தால் கிழியட்டும். வேலைக்காக இல்லை, அது முடிந்தது. வழக்கு நடக்கும்போது எதிரே நிற்பவர்கள் முகமாவது எனக்குத் தெரிய வேண்டும். முடிவுக்கு நானே பொறுப்பு என்று கையெழுத்திடச் சொன்னார்கள், இட்டுவிட்டேன்.

நீ இருபதாம் தேதியே வந்துவிடு. ஆபரேஷனுக்காக இல்லை, அதற்கு உன் அண்ணி இருக்கிறாள். அதற்கு முன்னால் நீயும் நானும் அவன் வீட்டுக்குப் போக வேண்டும். அந்த வளையத்தைப் பற்றி, அந்த ஒரு நிமிடத்தைப் பற்றி அவளிடம் நீ உன் வாயால் சொல்ல வேண்டும். அவள் வரச் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டாள். கதவைத் திறப்பாளா என்றே தெரியாது. திறக்கவில்லை என்றால் வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருவோம்.

அவன் வீட்டுப் படிகள் செங்குத்தாக இருக்கும். எனக்கு முன்னால் நீ இறங்கு.

அண்ணன்